அவரு தானா எந்திரிக்கற மாதிரி ஒரு சோபா

அதுல உக்காராதீங்க அம்மணி. சொல்றதக் கேளுங்க. மெத்துன்னு இருக்குதுன்னு ஏமாந்துராதீங்க. உக்காந்தா அப்படியே உள்ள போயிருவீங்க, அப்பறம் எந்திரிக்கறதுக்கு ஒரு ஆளு வந்து இழுக்கோணும். உங்களுக்கென்ன, சின்ன வயசு, துள்ளி எந்திரிச்சுக்குவீங்க. ஊட்டுல வயசானவங்க இருக்கறாங்களா? மாமியாரா? எழுவதா? அப்பக் கண்டிப்பா அது வேண்டாமுங்க. இங்க வாங்க, எம் பக்கத்துல உக்காருங்க. உக்காந்த ஒடனே எந்திரிக்கக் கூடாது. கால் மணி நேரமாச்சும் உக்காரோணும். அப்பத்தான் அதோட கொணம் தெரியும்.

நான் கடை தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து படியில நின்னுட்டு இருந்தனுங்க. பத்துப் பதினொரு சோபாவுல உக்காந்து எந்திரிச்சாச்சு. அதா, மஞ்சச் சட்டை போட்டுட்டு நிக்கறாரே, அந்த சேல்ஸ்மேன், மொதல்ல "வாங்கம்மா, காபி சாப்படறீங்களா"ன்னு கேட்டவரு, இப்ப என்னைப் பாத்தா அந்தப் பக்கமா நடந்து போயிடறாரு. "எதுக்கும்மா பாக்கறீங்க, கல்யாணச் சீருக்கா"ன்னு கேட்டாரு. இல்லீங்க, ஊட்டுல தெனமும் உக்கார்றதுக்குன்னேன். "தெனமும் உக்கார்றதுக்குன்னா எல்லாமே நல்லா இருக்கும்மா"ங்கறாரு. எல்லாமே நல்லா இருக்குமுன்னா நான் எதுக்குங்க பெருந்துறையில இருந்து பஸ் ஏறி ஈரோட்டுக்கு வாரேன்?

இதென்னன்னு பாக்கறீங்களா? பழைய சீலைக் கரைங்க. கிழிச்சு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கறேன். அந்தக் கோடியத் தரையில வெச்சுப் புடிங்க. ஆங், அப்படித்தான். இந்த மொத முடிச்சு உக்கார்ற ஒசரம். சரியா வருதுங்களா? வருதுல்ல? பாதம் ரெண்டும் தரையில பதியோணும், மொழங்கால் இடுப்புக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா எந்திரிக்க முடியாது. இனி இது, முதுகு சாயற எடத்துல இருந்து முன்னால வரைக்கும். எச்சா ஆழமா இருந்தா முதுகு சாயாது, பின்னால ரெண்டு தலகாணி சொருவ வேண்டியிருக்கும். இன்னொரு முடிச்சு கைப்பிடிக்கு. கைப்பிடி கெட்டியா இருக்கோணுமுங்க. பஞ்சு வெச்சு உருண்டையா இருக்கற கைப்பிடியெல்லாம் அழகுக்குத்தான், ஊணுனா வழுக்கும்.

எங்கூட்டுல ஒரு பழைய மர நாக்காலி இருக்குது. அதுல இருந்து மட்டும் அவரு எடது கைய ஊணி, ஒரு முக்கு முக்கித் தானா எந்திரிச்சுக்குவாரு. அந்த நாக்காலியத்தான் அளந்துட்டு வந்திருக்கறேன்.

அவருன்னா எங்கூட்டுக்காரரு. கவர்மெண்டு பஸ்சுல முப்பத்தோரு வருசம் டிரைவரா இருந்தவருங்க. சத்தியமங்கலத்துக்கு மேல மலை ஏத்துல ஓட்டினவரு. இப்ப எட்டு மாசமாச் சோத்தாங்கைப் பக்கம் வரலை. வாதம் அடிச்சிருச்சு. கையி தொங்கிப் போச்சு, காலு இழுத்து இழுத்து வெக்கறாரு. பேச்சும் கொஞ்சம் கொழறுது. டாக்டரு நல்லாப் பாத்தாருங்க, கொறை சொல்லக் கூடாது. நடக்கோணும், உக்காந்து எந்திரிக்கோணும், அதுதான் மருந்துன்னுட்டாரு.

நாக்காலி இருக்குதல்ல, அப்பறம் எதுக்கு சோபான்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். அந்த மஞ்சச் சட்டைக்காரரும் அதையேதான் கேட்டாரு.

இந்தப் போட்டோவப் பாருங்க. இதுதான் ஊட்டுல இப்ப இருக்கற சோபா. சாம்பக் கலரு, எப்படி மினுமினுன்னு இருக்குது பாத்தீங்களா? ரெண்டு வருசத்துக்கு முன்னால எம் பையன் அமெரிக்காவுல இருந்துட்டே போன்ல ஆர்டர் போட்டு அனுப்புனது. லோகு, லோகநாதன். ஒரே பையன். டல்லாஸ்ல கம்ப்யூட்டர் வேலை. இது ஊடு வந்து எறங்குன அன்னைக்கு எங்க தெருவே வந்து பாத்துச்சுங்க. நடையில நொழையாம, சன்னலக் கழட்டித்தான் உள்ள கொண்டாந்தாங்க. எங்கூட்டுக்காரரு ஒரு வாரம் அதுல உக்காரவே இல்ல. மேல சுத்தியிருந்த பாலித்தீன் பேப்பரையும் கழட்ட உடலை. வாரவங்களுக்கெல்லாம், "எம் பையன் அனுப்புனது, உக்காருங்க, உக்காருங்க"ன்னு சொல்லிப்போட்டு, இவரு எதுத்தாப்புல அந்த மர நாக்காலியில உக்காந்து பாத்துட்டு இருப்பாரு.

அப்பத் தெரியலீங்க. நல்லா இருந்த காலத்துல எந்தச் சோபா என்ன செய்யும்? இப்ப அதுல உக்கார வெச்சா, பள்ளத்துல எறங்குன மாதிரி எறங்கிப் போயிடறாரு. மொழங்கால் ரெண்டும் நெஞ்சுக்கு வந்துருது. நானும் பக்கத்தூட்டு மரகதமும் ஆளுக்கொரு கை குடுத்து இழுத்தாத்தான் வெளிய வருவாரு.

உக்கார வெக்காம உட்டுர வேண்டியதுதானேன்னா, ஞாயித்துக்கெழம காலையில ஏழரைக்கு லோகு வீடியோவுல வருவானே.

அவனுக்குத் தெரியாதுங்க. எட்டு மாசமாச் சொல்லலை.

அப்படிப் பாக்காதீங்க. நீங்க எங்க எடத்துல இருந்தா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க. இவருக்கு வாதம் வரதுக்கு ஒரு மாசம் முன்னாலதான் அவன் சொன்னான், "அம்மா, விசாவுல ஏதோ சிக்கல், இப்ப ஊருக்கு வந்தாத் திரும்ப உள்ள உடுவாங்களான்னு தெரியலை"ன்னு. அப்படி இருக்கறப்ப அப்பனுக்கு இப்படின்னு சொன்னா, அவன் போட்டது போட்டபடி ஓடி வந்துருவான். வந்தா வேலை போயிரும். பெத்தவங்களே புள்ளை பொழைப்புல மண்ணள்ளிப் போடறதா? ஆஸ்பத்திரியில அவரு கண்ணு முழிச்சதும், வாயி கோணிட்டு, மொதல்ல சொன்ன பேச்சே, "லோகுகிட்டச் சொல்லாத" அப்படிங்கறதுதான். அதையும் மூணு தடவ சொன்னாத்தான் புரிஞ்சுது.

மொத ரெண்டு வாரம் மர நாக்காலியில உக்கார வெச்சுத்தான் பேசுனமுங்க. லோகு மூஞ்சி சுண்டிப் போச்சு. "ஏம்ப்பா, சோபா புடிக்கலையா?"ன்னான். இல்ல கண்ணு, தொடைச்சுட்டு இருக்கறோம், ஈரமா இருக்குதுன்னு நான் சொன்னேன். அடுத்த வாரமும் நாக்காலி. "இன்னும் காயலையாம்மா?"ன்னான். அப்பறம் ஒண்ணு சொன்னான் பாருங்க. "அங்க வந்து உங்களைப் பாத்துக்க முடியலை. நான் அனுப்புனதுல நீங்க ரெண்டு பேரும் சவுரியமாச் சாஞ்சு உக்காந்திருக்கறதைப் பாத்தாத்தான், ஏதோ புள்ளையாப் பொறந்ததுக்குச் செஞ்சிருக்கறேன்னு இருக்குதும்மா"ன்னு. இதைக் கேட்டதுக்கு அப்பறமும் நாக்காலியில உக்கார வெப்பீங்களா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்பறம் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எங்கூட்டுல திருவிழா மாதிரிதான். ஆறு மணிக்கே அவருக்குத் தண்ணி வார்த்து, திண்ணூறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு உடுவேன். மரகதம் வந்துருவா. ரெண்டு பேரும் புடிச்சு எறக்குவோம். சோத்தாங்கை மேல துண்டு ஒண்ணு மடிச்சாப்புலப் போட்டுருவேன். கோணுன பக்கம் வெளிச்சம் படாம இருக்கச் சன்னலை ஒருக்களிச்சுச் சாத்திருவேன். பேச்சு நாந்தான். அவரு "ம்"பாரு, "நல்லா இருக்கறேன் சாமி"ம்பாரு, சிரிப்பாரு. அந்த "நல்லா இருக்கறேன் சாமி"ய வாரம் பூராச் சொல்லிப் பழகுவோமுங்க. கொழறாம வரோணுமே. "அப்பா ஏம்மா எச்சாப் பேசறதில்ல?"ன்னு ஒருக்காக் கேட்டான். உங்கப்பன் என்னைக்குடா பேசினாரு, டிரைவர்கிட்டப் பேசாதீங்கன்னு பஸ்சுல எழுதி வெச்சு வெச்சு ஊட்டுலயும் அப்படியே ஆயிட்டாருன்னேன். உழுந்து உழுந்து சிரிச்சான்.

அந்தச் சோபாவுக்கு நான் என்னென்ன வைத்தியம் பாத்தேன்னு நெனைக்கறீங்க. மெத்தைக்கு அடியில பலகை வெச்சேன். நடு எலும்பு குத்துதுன்னாரு. போர்வைய மடிச்சு மடிச்சு அடுக்கினேன். ஒரு பக்கமாச் சரிஞ்சாரு. நாலு காலுக்கும் ரெண்டு ரெண்டு செங்கல்லு வெச்சு ஒசத்தினேன். அது நல்லாத்தான் இருந்துச்சுங்க, மரகதம் ஒரு கை குடுத்தாலே எந்திரிச்சாரு. ஆனா லோகு வந்ததும் மொதக் கேள்வி, "அம்மா, செவுத்துல காலண்டரு எங்க காணோம்? அப்பா தலை மறைக்குதே, அப்பா வளந்துட்டாரா?" அவன் சிரிக்கறான், நான் சட்டுன்னு போன எம் மூஞ்சிப் பக்கம் திருப்பிட்டேன். அன்னைக்கே செங்கல்ல எடுத்துப்போட்டேன். காலண்டர மேல தூக்கி மாட்டியிருக்கலாம்னு பொறவுதான் புத்தி வந்துச்சு. ஆனாத் திரும்ப ஒசத்தப் பயமாப் போச்சு.

போன ஞாயித்துக்கெழம நடந்ததைச் சொல்றேன். உங்களுக்கு நேரம் இருக்குதுல்ல? உங்க ஊட்டுக்காரரு கட்டலு பாக்கப் போயிருக்கறாரா? சரி, பாக்கட்டும்.

அன்னைக்கு மரகதம் இல்ல. கொடுமுடியில அவங்க சொந்தத்துல காதுகுத்து. அவரை உக்கார வெக்கறப்ப இருந்துட்டுத்தான் கெளம்பினா. "எந்திரிக்கறதுக்கு என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டா. நீ போ, நான் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டேன். வாய்க்கொழுப்பு எனக்கு. போன் பேசி முடிச்சு எட்டு மணி. நான் ஒத்தையா இழுத்தேன். வரலை. அக்குளுக்கடியில கைய உட்டுத் தூக்கினேன். பாதி எந்திரிச்சு, ரெண்டு பேரும் அப்படியே சோபா மேல உழுந்தோம். சித்த நேரம் மூச்சு வாங்கிட்டு, மறுக்காத் தூக்கினேன். இந்தத் தடவ முன்னால வழுக்கி, சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல தரையில உக்காந்துட்டாரு. காலு மடங்கிருச்சு. நான் டீப்பாயத் தள்ளி, காலை நீட்டி உட்டேன். அதுக்கு மேல என்னால ஒண்ணும் ஆகலீங்க. எனக்கும் அறுவத்திரண்டு ஆச்சு.

தெருவுல ஆளு இல்லையான்னா, இருக்கறாங்க. எதுத்தூட்டுல ரெண்டு எளந்தாரிப் பசங்க இருக்கறாங்க. ஆனா அவங்க லோகுகூடப் படிச்சவங்க. போன்ல குரூப்பு வெச்சுப் பேசிக்குவாங்க. "கூப்படாத"ன்னு எங்கையப் புடிச்சுட்டாரு. எட்டு மணியில இருந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு மரகதம் வர்ற வரைக்கும் அங்கதான் இருந்தாரு. இட்டிலியத் தரையில உக்காந்து ஊட்டி உட்டேன். அப்பறம் அவரு அங்கயே... அதை என்னத்தைச் சொல்றது. தண்ணி மொண்டாந்து தொடைச்சேன். வேட்டி மாத்தினேன். மனுசன் அழுதாருங்க. அறுவது பேர வண்டியில வெச்சுட்டு மலையில பிரேக்கு புடிக்கலைன்னப்பக்கூட அழாத மனுசன். "என்னை இப்படியே உட்டுரு கண்ணம்மா, அவங்கிட்ட மட்டும் சொல்லிராத"ன்னாரு. எனக்கு அந்தச் சோபாவைத் தீ வெச்சுக் கொளுத்தோணும்னு இருந்துச்சு. நானும் அழுதேன். அழுதுட்டே அந்தச் சோபா மேல தண்ணி பட்ட எடத்தைத் தொடைச்சேன். கறை நின்னா லோகு கேப்பானே.

அன்னைக்கு முடிவு பண்ணினதுதான் இது. அதே சாம்பக் கலரு, அதே மாதிரி தோரணை. ஆனா ஒசரமா, கெட்டியா, கைப்பிடியோட, அவரு தானா எந்திரிக்கற மாதிரி. சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஊட்டுல எறங்கிரோணும். பழசை மரகதத்தோட மாட்டுச் சாளையில தள்ளிட்டா முடிஞ்சுது. ஞாயித்துக்கெழம ஏழரைக்கு லோகு பாக்கறப்ப வித்தியாசம் தெரியக் கூடாது. இதைச் சொன்னா அந்த மஞ்சச் சட்டைக்காரரு, "அம்மா, ஒண்ணு பாக்கறதுக்கு அழகா வேணும்னு கேளுங்க, இல்லாட்டி முதுகுக்கு நல்லதா வேணும்னு கேளுங்க, ரெண்டும் ஒண்ணா வராது"ங்கறாரு. வரோணுமே. வரலைன்னா இந்த ஞாயித்துக்கெழம நான் எப்படி அவரைத் திரும்ப அதுக்குள்ள எறக்குவேன்? அவரு மூணு நாளாச் சோறே சரியாத் திங்கறதில்ல. ஞாயித்துக்கெழம வருதே, வருதேன்னு.

இப்ப நாம உக்காந்திருக்கறது எல்லாத்துலயும் சரியா இருக்குதுங்க. முடிச்சு மூணும் உழுந்துருச்சு. உக்காந்தா நடு முதுகுல கை வெச்சுத் தாங்கற மாதிரி இருக்குது பாருங்க. கலருதான் நீலம். சாம்பக் கலர்ல துணி மாத்திக் குடுக்க இருவது நாளாகுமாம். இன்னைக்கு வெள்ளிக்கெழம. இருவது நாளைக்கு நான் எங்க போவேன்?

என்ன சொன்னீங்க? சாம்பக் கலர்ல உறையா? மேல போட்டு இழுத்துக் கட்டிர்றதா? அது வெலைக்குக் கெடைக்குமுங்களா? எந்தக் கடையில? இதே தெருவுலயா? அட, அம்மணி, உங்க வாயில சக்கரை போடோணும். நாலு மணி நேரமா இந்தக் கடையில ஒருத்தருக்குத் தோணலையே இது. வீடியோவுல பாத்தா உறைன்னு தெரியுமா? தெரியாதல்ல? சன்னலைச் சாத்திட்டா ஒண்ணும் தெரியாது.

இல்லாட்டியும் அவன் அப்படி உத்துப் பாக்க மாட்டானுங்க இப்பெல்லாம். முன்ன மாதிரி இல்ல. முன்னயெல்லாம் அவன் ஊட்டுல பெரிய சோபா ஒண்ணு, நம்மளுதை விடப் பெருசு, அதுல உக்காந்துட்டுத்தான் பேசுவான். எம் பேத்தி இனியா அது மேல ஏறிக் குதிச்சுட்டே இருப்பா. மருமக பவித்ரா பின்னால காபி கொண்டு வருவா. இப்ப அந்தச் சோபா இல்லீங்க. வித்துப்போட்டானாம். ஏண்டான்னு கேட்டேன். "தரையில உக்காந்தா இடுப்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொன்னாரும்மா"ன்னான். பாருங்க, நம்ம ஊரு பழக்கத்தை அங்க டாக்டரு சொல்றாரு. எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஊடும் மாத்திட்டான். சின்ன ஊடுதான் கூட்டறதுக்குச் சுலபம்னான். அது உண்மைதானுங்க. பின்னால வெறும் வெள்ளைச் செவுருதான் தெரியும். ஒரு ஆணி இருக்கும், அதுல ஒண்ணும் மாட்டியிருக்க மாட்டான். சுத்தமா வெச்சிருக்கறான்.

பவித்ராவும் கொழந்தையும் அவ அம்மா ஊட்டுல இருக்கறாங்க, சேலத்துல. இந்தியா வந்து நாலு மாசமாச்சு. அதும் நான் பவித்ராவைக் கூப்பிட்டப்ப அவங்கம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. பேத்தி இங்க ஸ்கூல்ல சேந்துட்டாளாம். தமிழ் கத்துக்கட்டும்னு லோகுதான் அனுப்பினானாம். எத்தனை பேருக்கு அந்தப் புத்தி வரும்? பெருந்துறைக்கு ஒருக்கா வாங்க கண்ணுன்னேன். வரோம் அத்தைன்னாங்க. வரலை. வராததும் ஒருவகையில நல்லதுதான். வந்தா இவரைப் பாத்துருவாங்களே.

லோகு கொஞ்சம் எளைச்சுட்டான். கேட்டா உடம்பக் கொறைக்கறேங்கறான். முன்னெல்லாம் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் கூப்படுவான். இப்ப எப்ப வேணுன்னாலும் கூப்படறான். அங்க வேலை நேரமாச்சேடான்னா, ஊட்டுல இருந்தே வேலைன்னுட்டான். கம்பெனியில அவன் மேல அத்தனை பிரியம்.

என்னங்க கேட்டீங்க?

அதென்ன அப்படிக் கேட்டுப்போட்டீங்க? "அவருக்கு அங்க இப்ப வேலை இருக்குதுங்களா?"ன்னா என்ன அர்த்தம்? நீங்க எம் பையனைப் பாத்ததில்ல. காலேஜ்ல ரெண்டாவது வந்தவன். அவனுக்கு வேலை போனா எனக்குச் சொல்ல மாட்டானா? எங்கிட்ட அவன் ஒண்ணையும் மறைக்க மாட்டான். சின்னதுல மிட்டாய் திருடித் தின்னாக்கூட வந்து சொல்லிட்டு அழுவான். எங்க வளப்பு அப்படி. உங்களைத் தப்பாச் சொல்லலை அம்மணி, ஏதோ பேச்சு வாக்குல கேட்டுட்டீங்க. உடுங்க.

இருங்க, போனு. அவந்தான். பாத்தீங்களா? அங்க இப்ப ராத்திரி ரெண்டரை இருக்கும். தூங்காம என்ன பண்றான்? வீடியோ இல்ல, நல்லவேளை. கடைன்னு தெரிஞ்சிருக்கும். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க.

சொல்லு சாமி. ஊட்டுலதான் கண்ணு. சத்தமா? அது டிவிடா, உங்கப்பா போட்டுட்டுப் போயிட்டாரு. ரேசன் கடைக்கு. நடந்துதான் போயிருக்கறாரு, வண்டி எடுக்கலை, நடந்தாத்தான் உடம்புக்கு நல்லதுங்கறாரு. நீ ஏன் இன்னும் தூங்கலை? ம். சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? பிரட்டா? பிரட்டு ஒரு சாப்பாடா? ம். சொல்லு. சொல்லு கண்ணு, கேக்குது. ஏன் நிறுத்திட்டே?

என்னது?

எப்போ? ஒண்ணாந் தேதியா? எத்தனை நாளைக்கு?

மொத்தமாவா?

மொத்தமான்னா என்னடா லோகு. அங்க ஒண்ணுமில்லைன்னா? எது ஒண்ணுமில்ல? நீ என்ன பேசறே, தூக்கக் கலக்கத்துல பேசறியா? இல்ல கண்ணு. இல்ல, வேண்டாம். இப்ப எதுக்கு? எங்களுக்கு என்ன கொறை? ராசாவாட்டம் இருக்கறோம். உங்கப்பா நீ அனுப்புன சோபாவுல சாஞ்சுட்டுக் காலு மேல காலப் போட்டுட்டுப் பேப்பர் படிக்கறாரு, நீயே பாக்கறியே வாரா வாரம். எங்களை நெனச்சு நீ ஓடி வர வேண்டாம். அங்க இருந்து நிம்மதியா வேலையப் பாரு. ரெண்டு மாசம் போகட்டும். பொறவு நானே கூப்படறேன், அப்ப வா. அழுகறியா? இல்லையா? சளியா? கசாயம் வெச்சுக் குடி. சுக்கு இருக்குதா அங்க? சரி. சரி சாமி. ஞாயித்துக்கெழம ஏழரைக்கு வா. அப்பாவும் நானும் உக்காந்திருப்போம். வெச்சரட்டுமா? வெச்சர்றேன்.

வெச்சுட்டான்.

வரட்டுமாம்மான்னு கேட்டானுங்க. மொத்தமா வந்தரட்டுமான்னு. வாடா சாமி, இன்னைக்கே வண்டி ஏறுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவன் வந்து அவங்கப்பனை ஒரு கை, நான் ஒரு கை. இந்த எட்டு மாசத்துல நான் வேற எதைங்க கேட்டேன் சாமிகிட்ட? ஆனா இப்ப வந்தா, நாங்க சொன்னது அத்தனையும் பொய்னு ஆயிருமே. வாசல்ல வந்து நின்னு அந்தக் கையையும் அந்த வாயையும் பாத்தான்னா அவன் ஒடைஞ்சு போயிருவான். ஏதோ வெசனத்துல இருக்கறான், குரலே சரியில்ல. ஊரு நெனப்பு வந்திருக்கும். அது ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். மொதல்ல இந்தச் சோபா வரட்டும். அவரு தெனமும் உக்காந்து எந்திரிச்சுப் பழகட்டும். ரெண்டு மாசத்துல நல்லா நடந்துருவாரு. அப்பறம் வாடான்னு சொல்றேன், அவரே வாசல்ல வந்து நின்னு கூப்படட்டும்.

ஏங்க, மஞ்சச் சட்டைத் தம்பி, இங்க வாங்க. இதையே போட்டுருங்க. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள்ள பெருந்துறையில எறக்கோணும், அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட ஆகக் கூடாது. நீலமே போதும்.

எனக்கு ஒண்ணுமில்ல அம்மணி, கண்ணுல தூசி. உங்க கர்ச்சீப்பு வேண்டாம், முந்தானை இருக்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க பக்கத்துலயேதான இருந்தீங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்ல, அது நல்லாச் சொன்னனுங்களா? எங்கொரல் ஒண்ணும் கம்மலையே? அவனுக்குச் சந்தேகம் வந்திருக்காதல்ல?